விரல் வைக்கிற நேரத்துல பட்டன் மாறுனா? போக்கர் ஆப்ல பண்ணக் கூடாத டிசைன் தப்புங்க

போக்கர் டேபிள் ஸ்க்ரீன பாத்தா ரொம்ப சிம்பிளா தெரியும். பச்சை கலர்ல ஒரு முட்டை வடிவம், சுத்தி ஆறு பேரோ ஒம்பது பேரோ, கீழ ஃபோல்டு (சீட்ட போட்டுட்டு வெளகுறது), கால் (அடுத்தவர் வச்ச தொகைய நாமளும் வைக்கிறது), ரெய்ஸ் (தொகைய ஏத்துறது)னு மூணு பட்டன், அவ்ளோதானன்னு நெனச்சுதான் நானும் ஒரு கிளையன்ட்டுக்கு ஃப்ரன்ட் எண்ட் வேலைய ஒத்துக்கிட்டேன். (காசு ஆட்டம் இல்லங்க, வெறும் டம்மி சிப்ஸ். காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேமுக்கு எதிரா 2025 ஆகஸ்ட்லயே பார்லிமென்ட் சட்டம் போட்டாச்சு, அதனால சண்டைக்கு வராதீங்க.) ஷாப்பிங் ஆப்ல தப்பா அமுக்கிட்டா பேக் போயிக்கலாம், ஆர்டர கேன்சல் பண்ணலாம், இங்க 15 செகண்டு ஓடிட்டே இருக்கும், அமுக்குனா அமுக்குனதுதான்.

நாங்க பண்ணதுலயே பெரிய தப்பு, நம்ம டர்ன் வர்றதுக்கு முன்னாடியே, வந்ததும் இன்னத பண்ணுன்னு டிக் போட்டு வைக்கிற பாக்ஸ். எங்க ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் சார் நல்லா சீட்டு ஆடுவாரு, அவர்கிட்டதான் ஃபோன குடுத்து டெஸ்ட் பண்ண சொன்னோம். 'கால் 200'னு இருந்துச்சு, டிக் போட்டாரு. அவருக்கு முன்னாடி உக்காந்திருந்தவன் 4,800க்கு ரெய்ஸ் பண்ணிட்டான். எங்க கோடு 'கால்'ங்கிறத மட்டும் ஞாபகம் வச்சிருந்துச்சு, 200ங்கிறத மறந்துருச்சு, மொத்தம் 4,800ம் போயிருச்சு. "தம்பி, நான் எறநூறுக்குத்தானப்பா சரின்னேன்?"னு கேட்டாரு பாருங்க, எனக்கு பதில் சொல்லவே வரல. டிக் போட்டப்ப ஸ்க்ரீன்ல என்ன தொகை இருந்துச்சோ அதுக்கு மட்டும்தான் அந்த டிக், தொகை மாறுன நிமிஷமே டிக் தானா விழுந்துரணும், அத கண்ணுக்கு தெரியற மாதிரி காட்டவும் செய்யணும். 'எவ்ளோ வந்தாலும் கால்'னு ஒரு பாக்ஸ் சில ஆப்ல இருக்கும், என்ன கேட்டா அத தூக்கி வீசிருங்க.

இதுக்கு ஒரு தம்பி தப்பு இருக்கு. அந்த டிக் பாக்ஸ் இருந்த அதே எடத்துல, டர்ன் வந்ததும் நெஜ பட்டன் வந்து உக்காரும். நீங்க 'செக்'னு (எதுவும் வைக்காம அடுத்தவருக்கு விடுறது) டிக் போடலாம்னு விரல கொண்டு போற கண் சிமிட்டுற நேரத்துல டர்ன் வந்துருச்சுன்னா விரல் ஃபோல்டு மேல விழும். பட்டன் தோணுன முதல் 300 மில்லி செகண்டு எந்த டேப்பையும் எடுக்காதீங்க, செக் பாக்ஸுக்கு கீழ செக் பட்டனே வர்ற மாதிரி அடுக்குங்க, அப்புறம் ஒவ்வொரு டேப்போடயும் அந்த ஹேண்டோட (சீட்டு போட்டு முடியற ஒரு சுத்து) நம்பரும் ஆடுறவர் பாத்த தொகையும் சர்வருக்கு போகணும், ஒத்து வரலன்னா சர்வர் அத ஏத்துக்கவே கூடாது. ஃபுல் டில்ட்ங்கிற போக்கர் தளம் 2010ல ரஷ் போக்கர்னு கொண்டு வந்துச்சு, போக்கர்ஸ்டார்ஸ் 2012ல ஸூம்னு கொண்டு வந்துச்சு, ரெண்டுலயும் ஃபோல்டு அமுக்குன உடனே வேற டேபிள், புது சீட்டு. அந்த மாதிரி ஆட்டத்துல விரல் ரெண்டு தரம் தட்டிருச்சுன்னா ரெண்டாவது தட்டு புது சீட்டு மேல விழும், அது ரெண்டு ஏஸா இருந்தாலும் போச்சு, ஆளு அத பாத்துருக்கவே மாட்டாரு.

சும்மாவே செக் பண்ணலாம்ங்கிறப்ப ஒருத்தர் ஃபோல்டு அமுக்குறாரா, அங்க மட்டும் ஒரு வார்த்தை கேளுங்க, காசில்லாமயே அடுத்த சீட்டு பாக்கலாமேன்னு. அதுக்காக எல்லாத்துக்கும் 'உறுதியா?'ன்னு கேட்டா மூணாவது தடவைல இருந்து யாரும் படிக்க மாட்டாங்க.

ரெய்ஸ் ஸ்லைடர் இன்னொரு தலைவலி. கணக்கு போட்டு பாருங்க, ஃபோன்ல ஸ்லைடர் 300 புள்ளி அகலம், கைல 30,000 சிப்பு, அப்ப ஒரு புள்ளி நகந்தா 100 சிப்பு. விரல் தொடுறதுக்கு கொறஞ்சது 44 புள்ளி எடம் வேணும்னு ஆப்பிளே சொல்லுது, அந்த 44 புள்ளிக்குள்ள 4,400 சிப்பு அடங்கிருது, விரல எடுக்கறப்ப லேசா அசைஞ்சாலே நூறு எரநூறு மாறிரும். பாதி பாட், முழு பாட்னு (பாட்னா நடுவுல சேந்திருக்கிற மொத்த சிப்பு) ரெடிமேட் பட்டன் வைங்க, கூடவே நம்பர டைப் பண்ற பாக்ஸ், ஒரு பிக் பிளைண்டு (சீட்டு பாக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் கட்டாயமா வைக்கிற தொகை) ஏத்த எறக்க பிளஸ் மைனஸ். ஸ்லைடர் ஓரமா இருந்துட்டு போகட்டும். ஆனா கடைசி வரைக்கும் இழுத்தா ஆல் இன் (கைல இருக்கிற மொத்த சிப்பையும் வைக்கிறது)ங்கிறது இருக்கே, அது அங்க வேண்டாம், ஆல் இன்ன தனி பட்டனா தள்ளி வைங்க.

அக்கவுன்ட்ஸ் சாருக்கு கண்ணாடி இல்லாம கிளாவரும் இஸ்பேடும் ஒண்ணாதான் தெரிஞ்சுச்சு. ஃப்ளஷ் (அஞ்சு சீட்டும் ஒரே சின்னம்) அடிச்சிட்டோம்னு நெனச்சு முழுசா தள்ளிட்டாரு, அஞ்சுல ஒண்ணு கிளாவர். நாலு கலர் சீட்டு இதுக்குத்தான் வந்துச்சு, இஸ்பேடு கருப்பு, ஆட்டின் சிவப்பு, டைமன் நீலம், கிளாவர் பச்சை. இது செட்டிங்ஸ்ல எங்கயோ ஒளிஞ்சிருக்க வேண்டிய விஷயம் இல்ல, மொதல்லயே ஆன் ஆகி இருக்கணும், பழைய மாதிரி வேணும்ங்கிறவங்க மாத்திக்கட்டும். ஆனா சிவப்பு பச்சை பிரிச்சு தெரியாதவங்களும் இருக்காங்க, அதனால கலர மட்டும் நம்பாம சின்னத்தையும் பெருசா போடுங்க. ராஜா ராணி படம் எல்லாம் ஃபோன் சைஸுக்கு சும்மா எடம் அடைக்கிறதுதான்.

நம்பர்லயும் ஒரு வேடிக்கை நடந்துச்சு. பாட் தொகை சர்வர்ல இருந்து எழுத்தா வந்துச்சு, 100,000. ஆளோட சிப்பு ஃபோன் செட்டிங்படி காட்டுச்சு, 1,00,000. ஒரே ஸ்க்ரீன்ல ரெண்டும், பத்து செகண்டுல எது பெருசுன்னு யாரு கமா எண்ணுவா?

கம்ப்யூட்டர்ல நாலு டேபிள் ஒண்ணா ஆடுறவங்களுக்கு இன்னொரு கொடுமை. ஒரு டேபிள்ல தொகை டைப் பண்ணிட்டு இருக்கறப்ப இன்னொரு டேபிள் டர்ன் வந்துருச்சுன்னு குதிச்சு முன்னாடி வரும், பாதி நம்பர் அங்க போயி விழும். டேபிள் ஓரத்துல கலர் அடிங்க, சத்தம் குடுங்க, கர்சர மட்டும் புடுங்காதீங்க.

டைமர்ல, சீட்டு பறந்து வர்ற அனிமேஷன் முடியறதுக்குள்ள சர்வர்ல கடிகாரம் ஓட ஆரம்பிச்சிருந்தா ஆளுக்கு கெடைக்கிறது 15 இல்ல, 12தான். நெட் போச்சுன்னா என்ன ஆகும்ங்கிறதும் முன்னாடியே தெரியணும். 1998ல பிளானட் போக்கர்ங்கிற தளம் காசு ஆட்டம் ஆரம்பிச்ச அந்த டயல் அப் காலத்துல, லைன் கட்டானா அதுவரைக்கும் போட்டதுக்கு ஆல் இன் ஆன மாதிரி கணக்கு வச்சுக்கிற வழக்கம் பல தளத்துல இருந்துச்சு, நல்ல எண்ணத்துலதான், ஆனா மேல எதுவும் வைக்காமயே ஆட்டத்துல நிக்கலாம்னு, கஷ்டமான முடிவு வர்றப்ப ஒயர புடுங்கி விடுற ஆளுங்க கெளம்பிட்டாங்க. இப்ப பொதுவா கொஞ்சம் கூடுதல் நேரம் குடுத்துட்டு ஃபோல்டு பண்ணிருவாங்க. அந்த கூடுதல் நேரம் எவ்ளோ மிச்சம்னு திரும்பி வந்தவருக்கு பெருசா காட்டுங்க.

சிப்பு முழுசா போன உடனே வர்ற ரீபை (மறுபடி சிப்பு வாங்குறது) பாப் அப் இருக்கே, அதையும் சொல்லணும். எங்க முதல் வெர்ஷன்ல அதோட 'சரி' பட்டன் ஃபோல்டு பட்டன் இருந்த அதே எடத்துல வந்துச்சு, கட்டைவிரல் அங்கயே இருக்கும்ல, தட்டிருவாங்க, அடுத்த மூட்டை சிப்பு வாங்குனதா ஆயிரும். டம்மி சிப்புங்கிறதால தப்பிச்சோம். அத மேல தூக்கி, 'வேண்டாம்'ங்கிறதையும் அதே சைஸ்ல வச்சோம். அடுத்த மீட்டிங்ல கிளையன்ட் பக்கத்துல இருந்து ரீபை கொறஞ்சிருக்கே ஏன்னு கேட்டாங்க. கொறஞ்சது தெரியாம அமுக்குனதுங்கதான்னு சொன்னேன், சரி சரின்னு அடுத்த டாபிக்குக்கு போயிட்டாங்க.