சி மொழியில் லூப் போட்டு இன்புட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதிப்பெண்களை ஒவ்வொன்றாக வாங்க வேண்டும், -1 கொடுத்தால் நிறுத்த வேண்டும், கடைசியில் சராசரியைக் காட்ட வேண்டும். வைல் லூப் பழகுபவர்கள் அடிக்கடி எழுதிப் பார்க்கும் புரோகிராம் இது.

முதல் தவறு, அந்த -1-ஐயும் சேர்த்துக் கூட்டிவிடுவது. லூப்புக்குள் இன்புட் வாங்கும் ஸ்கேன்எஃப் (scanf), அடுத்த வரியில் கூட்டல், அதற்கடுத்து எண்ணிக்கையில் ஒன்றை ஏற்றுவது என்று எழுதினால், நிபந்தனையைச் சரிபார்ப்பதற்குள் -1 கணக்கில் ஏறிவிடும். 45, 60, 72 கொடுத்தால் 59 வர வேண்டிய சராசரி 44 என்று வரும். எரர் எதுவும் வராது, விடையும் நம்பும்படியாகவே இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதைத் திருத்திய பிறகு, எடுத்தவுடனே -1 கொடுத்தால் பூஜ்யத்தால் வகுக்கிறோமா என்றும் பாருங்கள்.

அடுத்ததுதான் பலரையும் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது. எண் கேட்கும் இடத்தில் யாராவது ஒரு எழுத்தைத் தட்டிவிட்டால் லூப் நிற்காமல் ஓட ஆரம்பித்துவிடும். ஸ்கேன்எஃப்பில் எண்ணுக்காகப் போடும் %டி (%d) எண்ணை மட்டுமே எடுக்கும், எழுத்தைப் பார்த்தால் அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். அடுத்த சுற்றிலும் அதே எழுத்துதான் முன்னால் நிற்கும், வேரியபிளில் பழைய 72 அப்படியே இருக்கும், அதையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போகும். ஸ்கேன்எஃப் எத்தனை மதிப்புகளை வாங்கியது என்று ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது, பெரும்பாலானோர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. என்னைக் கேட்டால், ஸ்கேன்எஃப் கற்றுத்தரும் முதல் நாளே இதையும் சொல்லிவிட வேண்டும்! லூப்பின் நிபந்தனையிலேயே ஸ்கேன்எஃப்பை வைத்து, அது 1 தந்ததா என்று முதலில் பாருங்கள், அப்புறம் மதிப்பு -1 இல்லையா என்று பாருங்கள். மேலே சொன்ன இரண்டு தவறுகளும் இதிலேயே சரியாகிவிடும். ஆனால் '== 1' என்று முழுசாக எழுதுங்கள். அதை விட்டுவிட்டால், இன்புட் தீர்ந்துபோகும்போது கிடைக்கும் இஓஎஃப் (EOF) ஒரு மைனஸ் எண் என்பதால், சி அதையும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும், லூப் மறுபடி முடிவில்லாமல் ஓடும்.

தவறாக டைப் செய்தவரிடம் மறுபடி கேட்க வேண்டுமானால் மிச்சமிருக்கும் எழுத்துகளை முதலில் அகற்ற வேண்டும். இதற்கு எஃப்ஃப்ளஷ் (fflush) ஃபங்ஷனுக்குள் எஸ்டிடின் (stdin, அதாவது இன்புட் வரும் வழி) கொடுக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், இன்புட்டுக்கு அது என்ன செய்யும் என்று சி தரநிலை வரையறுக்கவே இல்லை. புதிய வரிக் குறியோ இஓஎஃப்போ வரும்வரை ஒவ்வொரு எழுத்தாக வாங்கும் கெட்சார் (getchar) மூலம் படித்துத் தள்ளுங்கள். கெட்சார் தருவதை எழுத்துக்கான சார் (char) வேரியபிளில் வைக்காமல் முழு எண்ணுக்கான இன்ட்டில் (int) வையுங்கள், சாரில் வைத்தால் சில கணினிகளில் இஓஎஃப் வந்ததே தெரியாது.

எண்ணை வாங்கியபின் 'தொடரவா?' என்று, ஒரே ஒரு எழுத்தை வாங்கும் %சி (%c) போட்டுக் கேட்டால் பதிலுக்கு நிற்காமல் தாண்டிப் போகும். எண்ணுக்குப் பிறகு தட்டிய எண்டர் அங்கேயே கிடக்கிறது, அதைத்தான் %சி எடுத்துக்கொள்கிறது. %சி-க்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டால் போதும்.

வைல் அடைப்புக்குறிக்குப் பின்னால் தவறி விழும் அரைப்புள்ளியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பழகியதும் ஒரு முழு வரியை எஃப்கெட்ஸில் (fgets) வாங்கி, ஸ்டர்டோல் (strtol) வைத்து எண்ணாக மாற்றும் முறைக்கு வந்துவிடுங்கள். பழைய கெட்ஸ் (gets) பக்கம் போகவே வேண்டாம். எத்தனை எழுத்து வந்தாலும் அளவு பார்க்காமல் நிரப்பும் ஃபங்ஷன் அது, 1988-இல் இணையத்தை முடக்கிய மோரிஸ் வோர்ம் என்ற தானாகப் பரவும் புரோகிராம் உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சர்வரில் இருந்த இந்த கெட்ஸ்தான். 2011-இல் வந்த சி தரநிலையில் அதைத் தூக்கியே விட்டார்கள். யாராவது '12கிலோ' என்று கொடுத்தால் ஸ்கேன்எஃப் 12-ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்கும். ஸ்டர்டோலோ எந்த எழுத்தில் நின்றது என்று சுட்டிக்காட்டும், அது வரியின் முடிவு இல்லையென்றால் இன்புட் தவறு என்று உடனே சொல்லிவிடலாம்.