பொன்னிற ஏல் நகல்: சிங்கப்பூர் வெயிலில் சறுக்கும் இடங்கள்

மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு கொதிக்கும்போது வீடு முழுவதும் ஹார்லிக்ஸ் மணக்கும். நான் முதன்முறை காய்ச்சிய அன்று எதிர்வீட்டு அக்கா கதவருகே வந்து, "தம்பி, இவ்வளவு ஹார்லிக்ஸ் யாருக்கு?" என்று கேட்டார். பீர் என்றேன், சிரித்துக்கொண்டே போனார். மூன்று வாரம் கழித்துப் போத்தலைத் திறந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தது.

நான் நகலெடுக்க முயன்றது சம்மர் லைட்னிங். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஹாப் பேக் மதுவாலை 1980களின் இறுதியில் கொண்டுவந்த, 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பொன்னிற ஏல் வகை பீர் அது. மாரிஸ் ஓட்டர் மால்ட், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் எனும் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), பட்டியல் அவ்வளவுதான். பட்டியல் சிறியதாக இருப்பதால் வேலையும் எளிது என்று நினைப்பதுதான் முதல் தவறு. கறுத்த ஸ்டவுட் பீரில் சின்னப் பிழைகள் வறுத்த மால்ட்டின் கசப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பொன்னிற ஏலில் ஒளிய இடமில்லை. சாலிஸ்பரிக்காரர் எழுதும் எந்தச் செய்முறையிலும் நம் ஊர் வெயில் ஒரு பொருளாகச் சேர்க்கப்பட்டிருக்காது.

இட்லி மாவு பொங்க நம் சமையலறைச் சூடு வரம். ஏல் ஈஸ்ட்டுக்கு அதுவே சாபம்; முதல் போத்தலின் நகப்பூச்சு வாடை அங்கிருந்துதான். அதற்கு வேண்டியது 18 முதல் 20 டிகிரி; வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் பெரும்பாலும் 28, 30. போதாததற்கு, ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூட்டைக் கிளப்பும். நொதிக்கும் கலத்தின் உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடவே இருக்கும். எனவே சுவரில் தொங்கும் வெப்பமானியை நம்பக் கூடாது. உணர்கருவியைக் கலத்தின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே துணி சுற்றி அளக்க வேண்டும். இரவில் ஏர்கான், பகலில் இல்லை என்ற ஏற்பாடு இன்னும் மோசம். பழைய குளிர்பெட்டியும் வெப்பக் கட்டுப்படுத்தியும் இருந்தால் கவலை தீர்ந்தது. இல்லாவிட்டால் மீன் வரும் தெர்மகோல் பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றி, கலத்தை அதில் இறக்கி, உறைந்த தண்ணீர்ப் போத்தல்களைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். முதல் மூன்று நாள் இதைச் செய்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

இரண்டாவது முறை நொதித்தலில் பிழையில்லை, குளிரவைப்பதில் கோட்டைவிட்டேன். கொதித்த சாற்றுக்குள் செம்புச் சுருளை இறக்கிக் குழாய்நீரை ஓடவிடுங்கள், சீக்கிரம் ஆறிவிடும் என்கின்றன குளிர்நாட்டுக் கையேடுகள். நம் குழாயில் வருவதே ஏறக்குறைய 28 டிகிரித் தண்ணீர். அதற்குக் கீழே சாறு இறங்க வழியே இல்லை. மணத்துக்காக அடுப்பை அணைத்ததும் போட்ட கோல்டிங்ஸ், முக்கால் மணி நேரம் சூட்டில் கிடந்தது. 80 டிகிரிக்கு மேல் ஹாப்ஸிலிருந்து கசப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். மணம் ஆவியோடு போய்விடும். விளைவு, வேப்பங்கொழுந்துக் கசப்பு. இப்போது சாறு 80க்குக் கீழே வந்த பிறகே கடைசி ஹாப்ஸைப் போட்டு 20 நிமிடம் ஊறவிடுகிறேன். குழாய்நீரில் 40 வரை இறக்கி, பிறகு வாளியில் ஐஸ்நீர் நிரப்பி, மீன்தொட்டிப் பம்பு கொண்டு சுருளுக்குள் சுற்றவிடுகிறேன். சாற்றுக்குள்ளேயே ஐஸ் போட்டுவிடாதீர்கள். கிருமிக்கு அழைப்பு வைப்பது போல.

ஹாப்ஸ் பாக்கெட்டில், கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்தின் விழுக்காட்டைப் பாருங்கள். செய்முறை 5 விழுக்காட்டுக்கு 40 கிராம் என்றால், உங்கள் பாக்கெட் 4 விழுக்காடாக இருக்கும்போது 50 கிராம் வேண்டும். இந்தக் கணக்கு கசப்புக்குப் போடும் பங்குக்கு மட்டுமே. மிச்சத்தைக் காற்றுப்புகாமல் கட்டி உறைபெட்டியில் வையுங்கள்.

குழாய்நீரைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. குடிக்க அருமையான, மென்மையான நீர். ஆனால் கிருமி நீக்க அதில் சேர்க்கும் குளோரமைன் கொதித்தாலும் எளிதில் போகாது. மால்ட்டோடு சேர்ந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் வாடையைத் தரும். குளோரமைனை முறிக்கும் காம்ப்டன் மாத்திரையை 20 லிட்டருக்குக் கால் மாத்திரை வீதம் பொடித்துக் கலக்கினால் போதும். கூடவே 4 கிராம் ஜிப்சம் சேர்த்தால் கசப்பு நாக்கில் தெளிவாக நிற்கும்.

போத்தலில் அடைக்கும் அவசரம் ஆபத்தானது. அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே அளவைக் காட்டட்டும். இந்த ஏலுக்கு 1.010 அருகே. 20 டிகிரிக்கு அளவிடப்பட்ட கருவி, 30 டிகிரிச் சாற்றில் இரண்டு மூன்று புள்ளி (0.002, 0.003) குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். நுரைக்கு 20 லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை. நொதித்து முடியாத பீரை அடைத்து பாம் ஷெல்டரில் (வீட்டிலுள்ள குண்டுவீச்சுக் காப்பறை) வைத்தால் அந்த அறை பெயருக்கேற்ற வேலையைச் செய்ய நேரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: 18 வயது நிறைந்தவர், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, சொந்தக் குடிக்கு மட்டும். விற்கக் கூடாது, வடித்தெடுக்கக் கூடாது.

என் பெரிய முட்டாள்தனம் இவை எதிலும் இல்லை. நண்பர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அசல் போத்தல் ஒன்றை, ஒப்பிட்டுப் பார்க்க அதே ஷெல்டரில் ஐந்து மாதம் பத்திரப்படுத்தியிருந்தேன். என் நகல் அதைவிட வெளிறியும், இனிப்புக் குறைந்தும், எலுமிச்சை கீறியதுபோல் மணத்தும் இருந்தது. தோற்றுவிட்டேன் என்று நினைத்து, அடுத்த தடவை டாஃபி இனிப்புள்ள கிரிஸ்டல் மால்ட் சேர்த்து நிறத்தை ஏற்றினேன். டாஃபி மிட்டாய் போல் வந்தது. ஓரளவு பொருந்தியதாகக்கூட மகிழ்ந்தேன். பிறகொரு நாள் குடையைத் தேடி ஷெல்டருக்குள் நுழைந்தபோது, மறந்துபோன என் பழைய போத்தல் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஊற்றினேன். செம்பு நிறம், மட்கிய அட்டைப்பெட்டி வாடை, அடியில் டாஃபி. அசலும் நகலும் அன்றுதான் ஒன்றாக இருந்தன.