சட்டியில் இருந்தும் அகப்பையில் வராத சத்து: மண்ணைப் பற்றிய தப்புக் கணக்குகள்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். மண் விஷயத்தில் இந்தப் பழமொழி பாதிதான் செல்லும். சட்டி நிறைய இருக்கும். அகப்பையை விட்டுத் துழாவினால் ஒன்றும் வராது. பரிசோதனைத் தாளில் சத்து ஏராளம் என்று போட்டிருக்க, செடி பட்டினி கிடக்கும்.

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேலே இருக்கும் 15 செ.மீ. மண் மட்டும் சுமார் 20 லட்சம் கிலோ எடை வரும். அதில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 0.1 சதவீதம் என்று வைத்தால் 2,000 கிலோ. நல்ல மகசூல் தரும் மக்காச்சோளத்துக்கு ஒரு பருவத்தில் 150 கிலோ, 200 கிலோ தேவைப்படும். அப்படியானால் பத்து வருடத்துக்கு உரமே வேண்டாமே?

வேண்டும். அந்த 2,000 கிலோவில் மிகப் பெரும்பகுதி மட்கிலும் அங்ககப் பொருளிலும் கட்டுண்டு கிடக்கிறது. வேர்கள் பெரும்பாலும் அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும்தான் அதை எடுத்துக்கொள்ளும். அந்த வடிவத்துக்கு உடைத்துக் கொடுப்பவை நுண்ணுயிர்கள். அவை வருடத்துக்கு உடைப்பது தோராயமாக 1 முதல் 3 சதவீதம். நம் கணக்கில் 20 முதல் 60 கிலோ. பெட்டியில் பணம் இருக்கிறது, சாவி வேறு ஆளிடம் இருக்கிறது.

ஆக, இருப்பைப் பார்த்துவிட்டு ஓட்டத்தைப் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. சத்துச் சுழற்சி பற்றி நடக்கும் மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை. எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எவ்வளவு வேகத்தில், எப்போது, யார் கைக்குப் போகிறது என்று கேட்பதில்லை. வெப்பமும் மழையும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் மாறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் முதலில் மாறுவது இந்த இரண்டாவது கேள்விக்கான விடைதான்.

மரத்தூள் கலந்த தொட்டி

காய்ந்த வைக்கோல், மரத்தூள், சருகு எல்லாம் மட்கினால் உரம்தானே, மண்ணில் கலந்துவிட்டால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் அதிகம். நானும் அப்படி நினைத்தவன்தான். ஒரே மண்ணை இரண்டு தொட்டிகளில் நிரப்பி, ஒன்றில் மட்டும் இரண்டு கை மரத்தூளைக் கலந்து, இரண்டிலும் ஒரே விதையைப் போட்டேன். மூன்றாவது வாரம் மரத்தூள் தொட்டியில் அடி இலைகள் வெளிறத் தொடங்கின. நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாக மஞ்சள் உள்ளே இறங்கியது. மேலே புதுத் தளிர் மட்டும் பச்சை. நோய் என்று நினைத்தேன். தண்ணீர் போதவில்லையோ என்று கூடுதலாகவும் ஊற்றினேன். இரண்டும் இல்லை.

அடி இலை முதலில் மஞ்சளாவது தழைச்சத்துப் பற்றாக்குறையின் கையெழுத்து. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையில் இருப்பதைப் பிரித்தெடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடும். சரி, அந்தத் தொட்டியில் மட்டும் பற்றாக்குறை எப்படி வந்தது? நான் எதையும் எடுக்கவில்லை, சேர்த்துத்தானே இருந்தேன்?

மண் நுண்ணுயிரின் உடம்பில் 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருக்கும். தின்னும் கார்பனில் மூன்றில் இரண்டு பங்கை அது மூச்சாக வெளியே விட்டுவிடுகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால், அதன் சாப்பாட்டில் சுமார் 24 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருந்தால் போதும், வெளியே கை நீட்ட வேண்டியதில்லை. கோதுமை வைக்கோலில் இந்த விகிதம் 80க்கு 1. மரத்தூளில் 1 பங்கு நைட்ரஜனுக்குச் சில நூறு பங்கு கார்பன். கார்பன் விருந்து கிடைத்த நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகுகின்றன. குறைகிற நைட்ரஜனை மண்ணில் கரைந்திருக்கும் நைட்ரேட்டிலிருந்தும் அம்மோனியத்திலிருந்தும் உறிஞ்சிக்கொள்கின்றன. அந்தப் போட்டியில் வேர் தோற்றுவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொட்டியை விட்டு ஒரு மில்லிகிராம்கூட வெளியே போகவில்லை. எல்லாம் நுண்ணுயிர்களின் உடம்புக்குள் இருக்கிறது. கார்பன் தீர்ந்து அவை மடியும்போதோ, நுண்புழுக்கள் அவற்றைத் தின்று கழிக்கும்போதோ மறுபடி மண்ணுக்கு வரும். ஆனால் செடிக்குத் தேவைப்பட்ட மூன்றாவது வாரத்தில் அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மரத்தூளே ஆகாது என்று இதைப் படித்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். மண்ணில் கலக்காமல் மேலே மூடாக்காகப் போட்டால் இந்தப் பட்டினி மேல் மண்ணின் மெல்லிய படலத்தோடு நின்றுவிடும். நன்றாக மட்கவைத்துப் போட்டால் பிரச்சினையே இல்லை. இன்னும் சொல்லப்போனால், இதே தவறு இடம் மாறினால் உத்தியாகிவிடும். அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும்போது வைக்கோலை உழுது கலந்தால், மிச்சமிருக்கும் நைட்ரேட் மழையில் கரைந்து ஓடும் முன் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கரியமில வாயு கூடினால் காடு செழிக்குமா

இந்த வாதத்தை அடிக்கடி கேட்கலாம். கரியமில வாயு செடிக்கு உணவு; அது கூடினால் வளர்ச்சி கூடும்; கூடுகிற வளர்ச்சியே வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். முதல் இரண்டு வரிகளில் உண்மை இருக்கிறது. ஆனால் மரம் கார்பனால் மட்டும் ஆனதல்ல.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் வளர்ந்த மரங்களைச் சுற்றிக் குழாய்கள் நட்டு, திறந்த வெளியிலேயே கூடுதல் கரியமில வாயுவைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். 2001 முதல் 2003 வரை, சாதாரணக் காற்றில் நின்ற மரங்களைவிட வளர்ச்சி 24 சதவீதம் அதிகம். 2008இல் அந்த வித்தியாசம் 9 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. வாயு குறையவில்லை, தழைச்சத்து பற்றவில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே, மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைந்த மண்ணில் நிற்கும் முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டில் இதே சோதனையைச் செய்தபோது, மரங்கள் கார்பனைக் கூடுதலாக உள்வாங்கின. ஆனால் அடிமரம் பெருக்கவில்லை. உள்ளே போனது மூச்சாக வெளியே வந்துவிட்டது, அதில் பெரும்பங்கு மண்ணிலிருந்து.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தின் பைன் காட்டில் வளர்ச்சி பல வருடம் தாக்குப்பிடித்தது. அங்கே மரங்கள் கூடுதல் கார்பனை வேருக்கும், வேரோடு கூடி வாழும் வேர்ப்பூசணத்துக்கும் செலவழித்து, மண்ணிலிருந்து கூடுதல் தழைச்சத்தைத் தோண்டி எடுத்தன. ஆகவே எந்தக் காடு, எந்த மண், எந்தச் சத்து முட்டுக்கட்டை என்று கேட்காமல் உலகத்துக்கே ஒரு விடை சொல்பவரைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நிற்பது நல்லது.

அப்புறம், வளர்ந்தாலும் அதே தரத்தில் வளரும் என்று நினைக்கக் கூடாது. 550 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 550 பங்கு) அளவு கரியமில வாயுவில் வளர்த்த கோதுமை மணியில் துத்தநாகம் சுமார் 9 சதவீதமும் இரும்பு சுமார் 5 சதவீதமும் குறைந்திருந்ததாக 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

சூடு கூடினால் சத்து கூடும், ஆனால் எப்போது?

வெப்பம் ஏறினால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகும், மட்கு வேகமாக உடையும், சத்து அதிகம் வெளிவரும். ஈரம் இருக்கும்வரை இது சரி. மாசசூசெட்ஸில் உள்ள ஹார்வர்ட் காட்டில் 1991 முதல் மண்ணுக்கடியில் மின்கம்பி புதைத்து 5 டிகிரி கூடுதலாகச் சூடேற்றி வருகிறார்கள். முதல் பத்து வருடம் கார்பன் மளமளவென்று வெளியேறியது. பிறகு சில வருடம் வித்தியாசமே தெரியவில்லை. பிறகு மறுபடி ஏறி, மறுபடி அடங்கியது. இரண்டாவது கட்டத்தில் மட்டும் எட்டிப் பார்த்த ஒருவர், சூட்டால் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருப்பார். மூன்று வருடச் சோதனையை வைத்து முப்பது வருடத்துக்குக் கணக்குப் போடுவதும் இந்தத் துறையில் சகஜமாக நடக்கும் தவறுதான்.

ஈரத்தையும் சேர்த்துக்கொண்டால் கதை இன்னும் சிக்கலாகிறது. வெகுநாள் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் வாசம் கிளம்புகிறதே, அந்த நேரத்தில் மண்ணுக்குள் பெரிய களேபரமே நடக்கிறது. காய்ந்து செத்த நுண்ணுயிர்களின் உடம்பும், உயிரோடு இருந்தவை வறட்சியைத் தாங்கச் சேர்த்து வைத்திருந்த பொருள்களும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கின்றன. மிஞ்சிய நுண்ணுயிர்கள் அவற்றின் மேல் பாய்கின்றன. சில நாட்களுக்குள் கரியமில வாயுவும் நைட்ரஜனும் குபீரென்று வெளிப்படுகின்றன. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை வைத்து 1958இல் இதை விவரித்த ஆய்வாளர் பிர்ச்சின் பெயரிலேயே இதை பிர்ச் விளைவு என்கிறார்கள்.

அந்த முதல் மழையன்று நிலத்தில் வேர் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது; விதைப்பே அதற்குப் பிறகுதான். வறட்சி நீண்டு, மழை கொட்டித் தீர்க்கும் வகையில் வந்தால், வெளிவந்த நைட்ரேட் எந்த வேரையும் பார்க்காமல் கீழே இறங்கிவிடும். மண்ணில் தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்தால் ஒரு பகுதி வாயுவாகப் பறக்கும். அதில் ஒன்றான நைட்ரஸ் ஆக்சைடு, நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு வெப்பமூட்டும். இடும் உரத்துக்கும் இதே விதிதான். யூரியாவை ஈர மண்ணின் மேல் தூவி அப்படியே விட்டால் அம்மோனியாவாக ஆவியாகும். சூடும் களர்த்தன்மையும் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். மண்ணுக்குள் இறங்கும் அளவுக்கு லேசான மழையோ பாசனமோ கிடைத்தால் பிழைக்கும். பெருமழைக்கு முதல் நாள் இட்டால் ஆற்றுக்குத்தான் உரம். ஒரே தவணையில் கொட்டுவதைவிடப் பயிர் கேட்கும் நேரத்தில் பிரித்து இடச் சொல்வது இதனால்தான். மழையை நம்ப முடியாத வருடங்களில் அந்த அறிவுரையின் மதிப்பு கூடுகிறது.

பூமி சூடாகும்போது மண் குளிர்ந்துபோவதும் உண்டு என்றால் நம்ப மாட்டீர்கள். பனி மூடும் நாடுகளில் அந்தப் பனிதான் மண்ணுக்குப் போர்வை. குளிர்காலம் கொஞ்சம் இதமானால் பனி குறைகிறது, போர்வை விலகிய மண் உறைகிறது, நுண்வேர்கள் சாகின்றன, வசந்தத்தில் எடுக்க ஆளில்லாத நைட்ரேட் ஓடைக்குப் போகிறது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் பனியை வாரி அள்ளிவிட்டுச் செய்த சோதனைகளில் இதைப் பார்த்தார்கள்.

எல்லாச் சத்தும் ஒரே சத்து இல்லை

தழைச்சத்தும் மணிச்சத்தும் ஒரே மாதிரி நடக்கும் என்று எண்ணுவது இன்னொரு தவறு. நைட்ரஜனுக்குக் காற்றில் 78 சதவீதம் கையிருப்பு இருக்கிறது; வேர்முடிச்சுப் பாக்டீரியாவோ மின்னலோ தொழிற்சாலையோ அதை இறக்கிக் கொடுக்கும். மணிச்சத்துக்கு அப்படி வாயு வழி இல்லை. பாறை கரைந்துதான் வர வேண்டும். வந்ததும் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். அதனால் வயது ஏற ஏற மண் அதில் வறண்டுபோகிறது. ஹவாய்த் தீவுகளில் சில நூறு வருட எரிமலை மண்ணில் தழைச்சத்துதான் தட்டுப்பாடு. 40 லட்சம் வருட மண்ணில் மணிச்சத்து. அமேசான் காட்டு மண்ணும் பழைய மண்தான். சஹாராவிலிருந்து காற்றில் வரும் தூசி ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் மணிச்சத்தை அங்கே கொண்டுவந்து இறக்குகிறது.

கந்தகத்தின் கதை வேடிக்கையானது. ஐரோப்பாவில் புகைபோக்கிகளைச் சுத்தப்படுத்தி அமில மழையைக் குறைத்தார்கள். நல்ல காரியம். அதுவரை புகையோடு இலவசமாகக் கிடைத்த கந்தகம் நின்றுபோனதால், கடுகு இனப் பயிர்களுக்குக் கந்தக உரம் இட வேண்டியதாயிற்று.

வட்டம் என்று வரைந்தால் வட்டமாகிவிடாது

பாடப்புத்தகப் படத்தில் அம்புகள் ஒன்றையொன்று துரத்தி அழகாக வட்டம் போடும். நிஜத்தில் ஒவ்வொரு மூலையிலும் ஒழுகல் உண்டு. காட்டில் அந்த ஒழுகலை அடைத்துக்கொண்டிருப்பது உயிருள்ள வேர். ஹப்பர்ட் புரூக்கில் 1965 குளிர்காலத்தில் ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களையெல்லாம் வெட்டி, ஒரு கட்டையையும் வெளியே எடுக்காமல் அங்கேயே போட்டு, மூன்று கோடைகள் களைக்கொல்லி அடித்து எதையும் முளைக்கவிடாமல் தடுத்தார்கள். மரம் அங்கேயே கிடக்கிறது, சத்து எங்கே போகும் என்று தோன்றும். ஓடை நீரில் நைட்ரேட் 40 மடங்குக்கு மேல் எகிறியது. கால்சியமும் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கூடவே போயின.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. உரத்தை இன்று நிறுத்தினால் நாளை ஏரி தெளிந்துவிடும் என்று எதிர்பார்ப்பது. நிலத்தடி நீரில் இறங்கிய நைட்ரேட் வெளிவரப் பத்து, இருபது வருடம்கூட ஆகும். ஏரிச் சேற்றில் இரும்போடு ஒட்டிய மணிச்சத்து, அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் ஒவ்வொரு கோடையிலும் கரைந்து மேலே வரும். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் இன்னும் குறையும்.

மண்ணின் ஞாபகம் எவ்வளவு நீளம் என்பதற்கு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஒரு பார்லி வயல் துண்டு இருக்கிறது. 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் அதற்கு ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் போட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்துத் தோண்டிப் பார்த்தபோதும், எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அங்கே அங்ககப் பொருள் அதிகமாகவே இருந்தது.