ராகித் தாளில் யூரியா, மொலாசஸ் கலந்து கறவை மாட்டுக்குக் கொடுப்பது எப்படி?

கோடையில் தர்மபுரிப் பக்கம் பச்சைத் தீவனம் கிடைப்பது கஷ்டம். போரில் அடுக்கி வைத்திருக்கும் ராகித் தாளை (கதிர் அறுத்த பின் மிஞ்சும் காய்ந்த தட்டை) மட்டும் போட்டால் வயிறு நிறையும், பால் ஏறாது. தாளில் புரதம் மிகக் குறைவு. யூரியா தரும் அம்மோனியாவை மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் புரதமாக மாற்றும்; அதற்கான சக்தியை மொலாசஸில், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கறுப்புப் பாகில், உள்ள சர்க்கரை கொடுக்கும்.

10 கிலோ தாளுக்கு: யூரியா 200 கிராம், மொலாசஸ் 1 கிலோ, கல்லுப்பு 100 கிராம், தாது உப்புக் கலவை 100 கிராம், தண்ணீர் 5 லிட்டர். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், யூரியாவைத் தராசில் போட்டே எடுங்கள்.

பாலக்கோடு, கோபாலபுரம் சர்க்கரை ஆலைகள் பக்கத்திலேயே இருந்தாலும் மொலாசஸுக்கு அரசுக் கட்டுப்பாடு உண்டு. கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கறுத்துப்போன வெல்லம் முக்கால் கிலோ போதும்.

இனி முக்கியமான இடம். முதலில் வெறும் தண்ணீரில் யூரியாவை மட்டும் கரையுங்கள். கரையும்போது வாளி சில்லிட்டுப் போகும், குருணை அடியில் தங்கிவிடும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, அடியில் கைவிட்டுத் துழாவி, ஒரு மணிகூட இல்லை என்று தெரிந்த பிறகே மொலாசஸை ஊற்றுங்கள். முன்னாலேயே ஊற்றினால் தண்ணீர் கறுத்துவிடும், கரையாத குருணை கண்ணுக்குத் தெரியாது. கடைசியாக ஊற்றும் அடிவண்டல் எந்த மாட்டின் பங்கில் விழுகிறதோ, அதற்கு ஆபத்து.

பிறகு உப்பு, தாது உப்பு. நறுக்கிய தாளைத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, பூவாளியால் தெளித்துப் புரட்டுங்கள். ஸ்பிரேயர் வேண்டவே வேண்டாம், பாகு அடைத்துக்கொள்ளும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

ஒரு மாட்டுக்கு முதல் நாள் 1 கிலோ, இரண்டு வாரத்தில் படிப்படியாக 5 கிலோ. அதற்கு மேல் வேண்டாம். பசியோடிருக்கும் மாட்டுக்கு முதலில் இதைப் போடாதீர்கள். வாயில் நுரை, நடுக்கம், வயிற்று உப்பசம் தெரிந்தால் தீவனத்தை நிறுத்தி உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: கன்றுக்குப் போடலாமா என்று பலர் கேட்டீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது. கடைத் தீவனம் சேர்த்துப் போடுகிறவர்கள் மூட்டை அட்டையைப் படியுங்கள். அதிலும் யூரியா இருந்தால் இந்தத் தாளைத் தவிர்த்துவிடுங்கள்.