சின்ன விமானத்தில் தீவுக்குப் போவது எப்படி: திரும்பும் நாளிலிருந்து திட்டம் போடுங்கள்

எட்டுப் பேரோ பத்தொன்பது பேரோ மட்டும் உட்காரக்கூடிய விமானத்தில் ஒரு தீவுக்குப் போகப்போகிறீர்கள் என்றால், பெரிய விமானங்களில் பழகிய பாதி விஷயங்கள் அங்கே உதவாது. கால அட்டவணையில் ஒரு நேரம் போட்டிருக்கும், ஆனால் விமானம் கிளம்புவதையும் கிளம்பாததையும் முடிவு செய்பவை காற்று, மூடுபனி, வெளிச்சம், எடை. சில இடங்களில் கடல்கூட. ஸ்காட்லாந்தின் பாரா தீவில் விமானம் இறங்குவதே கடற்கரை மணலில்தான். மரக்கம்பம் நட்டு அடையாளம் வைத்த மூன்று ஓடுபாதைகள் உண்டு, நீர் ஏறும் நேரத்தில் மூன்றுமே கடலுக்குள் போய்விடும். அதனால் கிளாஸ்கோவிலிருந்து வரும் லோகன்ஏர் விமானத்தின் நேரம் நாளுக்கு நாள் மாறும். "போன வாரம் நண்பர் காலை பத்து மணிக்குப் போனார், நானும் அதே நேரம்" என்று அங்கே கணக்குப் போட முடியாது.

ஆகவே முதல் வேலை, திரும்பும் நாளை முடிவு செய்வது. பெரும்பாலோர் போகும் நாளைப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, திரும்பும்போது தீவு விமானம் மதியம் இறங்கும், மாலையில் வெளிநாட்டு விமானம் ஏறிவிடலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைக்காதீர்கள். தீவிலிருந்து கிளம்பும் விமானத்துக்கும் அடுத்த பெரிய விமானத்துக்கும் நடுவில் குறைந்தது ஒரு இரவு விடுங்கள், புயல் காலமோ மூடுபனிக் காலமோ என்றால் இரண்டு இரவு. இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் சின்ன விமானம் ரத்தானதற்குப் பெரிய விமான நிறுவனம் பொறுப்பேற்காது, நீங்கள் வரவில்லை என்று குறித்துக்கொண்டு போய்விடும். ஒரே டிக்கெட்டாக, கடைசி ஊர் வரைக்கும் எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். சில சின்ன நிறுவனங்களுக்குப் பெரிய நிறுவனங்களோடு அந்த ஏற்பாடு இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அதையே எடுங்கள் என்பேன், ஏனென்றால் இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலையாகிவிடும், பெட்டியும் நேராகப் போய்ச் சேரும்.

டிக்கெட் எடுக்கும்போது

எல்லா விமானங்களையும் ஒரே இடத்தில் காட்டும் தளங்களில் இந்தச் சின்ன நிறுவனங்கள் பல வராது. தீவின் பெயரையும் விமான நிலையத்தின் பெயரையும் போட்டுத் தேடி, நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள். அங்கேயும் இடமில்லை என்று காட்டினால் போன் செய்து கேளுங்கள். இது பழைய வழி மாதிரித் தோன்றலாம், ஆனால் எடைக் கணக்குக்காகவோ அவசரத் தேவைக்காகவோ சில இருக்கைகளைத் தளத்தில் விற்காமல் வைத்திருப்பதும், பயண நாள் நெருங்கும்போது அவற்றை விடுவிப்பதும் உண்டு.

கட்டணத்தைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள். கொஞ்சம் பேரிடமிருந்தே விமானி, எரிபொருள், பராமரிப்பு, விமான நிலையம் எல்லாவற்றுக்குமான செலவும் வர வேண்டும். இந்தத் தடங்களில் பலவும் அரசாங்கப் பணம் இல்லாமல் நிற்காது. ஐரோப்பாவில் பொதுச் சேவைக் கடமை என்ற பெயரில், லாபம் வராத தடத்தையும் இயக்க அரசு மானியம் கொடுக்கிறது. அயர்லாந்தின் ஆரன் தீவுகளுக்கான சின்ன விமானங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது, சிறு ஊர்கள் விமானமே இல்லாமல் போய்விடக் கூடாது என்று இதே போன்ற ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தீவுவாசிகளுக்குத் தனிச் சலுகையும் உண்டு. பலேயாரிக், கனேரித் தீவுகளில் வசிப்பவர்களுக்கு ஸ்பெயின் 75 சதவீதம் தள்ளுபடி தருகிறது. ஆர்க்னி, ஷெட்லாந்து, மேற்குத் தீவுகளில் வசிப்பவர்களுக்கு ஸ்காட்லாந்தில் அடிப்படைக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. தளத்தில் அந்தக் கட்டணமும் கண்ணில் படும். வசிப்பவர் என்று நிரூபிக்கும் அட்டை இல்லாமல் அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், கவுன்டரில் மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட முக்கியம், அது அவர்களுக்குரியது. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் பல் டாக்டருக்கும் அவர்களுக்கு இந்த விமானம்தான் பஸ்.

தீவுக்குள் நுழைய அனுமதி வேண்டுமா என்பதையும் டிக்கெட்டுக்கு முன்னாலேயே பாருங்கள். உதாரணத்துக்கு, கொச்சியிலிருந்து லட்சத்தீவின் அகத்திக்கு விமானம் இருக்கிறது, ஆனால் நுழைவு அனுமதி கையில் இல்லாமல் டிக்கெட் மட்டும் வைத்திருந்து பயனில்லை.

எடையைப் பற்றி வெட்கப்படாதீர்கள்

பலருக்குச் சங்கடமாக இருப்பது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பெரிய விமானத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று சராசரி எடை போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள், நூற்றுக்கணக்கான பேரில் கூடுதலும் குறைவும் சரியாகிவிடும். எட்டுப் பேர் விமானத்தில் சராசரி செல்லாது. அமெரிக்காவில் நான்டக்கெட் போன்ற தீவுகளுக்குப் போகும் கேப் ஏர் மாதிரியான நிறுவனங்கள் பயணியின் எடையையே கேட்கும். சில இடங்களில் பையைக் கையில் வைத்துக்கொண்டு தராசில் ஏறச் சொல்வார்கள். சமோவா ஏர் 2013இல் கட்டணத்தையே கிலோக் கணக்கில் வாங்கத் தொடங்கியது.

உண்மையான எடையைச் சொல்லுங்கள். உடுத்தியிருக்கும் துணி, ஷூ, கைப்பை எல்லாம் சேர்த்து. ஆளுக்கு ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால் எட்டுப் பேருக்கு நாற்பது கிலோ, அது விமானியின் கணக்கில் இல்லாத நாற்பது கிலோ. கரீபியனில் சாபா தீவின் ஓடுபாதை சுமார் 400 மீட்டர்தான், இரண்டு முனையிலும் பாறை சரிந்து கடலில் முடிகிறது. அப்படிப்பட்ட இடத்தில் அந்த நாற்பது கிலோவுக்கு அர்த்தம் இருக்கிறது. வெயில் கூடினால் காற்றின் அடர்த்தி குறைந்து விமானத்துக்கு மேலெழும்பும் பலம் குறையும், அப்போது இன்னும் குறைவாகத்தான் ஏற்ற முடியும். தீவில் எரிபொருள் கிடைக்காவிட்டால் திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்ப நேர்ந்தால் அதற்கும் எரிபொருள் வேண்டும். இது எல்லாம் போக மிச்சம் இருப்பதில்தான் நீங்களும் உங்கள் பெட்டியும். காலியாக இருக்கை தெரிந்தும் "இடமில்லை" என்று சொல்வது இதனால்தான், கவுன்டரில் இருப்பவரோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

பெட்டி விஷயத்தில், அனுமதிக்கப்பட்ட எடை பெரிய விமானத்தில் தருவதைவிடக் குறைவாகவே இருக்கும். பெரிய விமானத்தின் டிக்கெட்டில் உள்ள எண்ணை வைத்து மூட்டை கட்டாதீர்கள். கெட்டியான சூட்கேஸ் வேண்டாம், மடங்கும் துணிப்பைதான் சரி, ஏனென்றால் சாமான் அறையின் கதவே சின்னதாக இருக்கும். மாத்திரை, கண்ணாடி, சார்ஜர், ஒரு நாள் மாற்றுத் துணி, முக்கியமான காகிதங்கள், இவை மடியில் வைத்துக்கொள்ளும் சின்னப் பையில் இருக்கட்டும். மேலே பை வைக்கும் தட்டு பல விமானங்களில் கிடையாது, கைப்பையையும் கடைசி நிமிடத்தில் வாங்கிப் பின்னால் போட்டுவிடுவார்கள். அப்படி வாங்கும்போது பவர் பேங்க்கையும் உதிரி லித்தியம் பேட்டரியையும் எடுத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், அவை சாமான் அறைக்குப் போகக் கூடாது.

நீங்கள் ஏறி, பெட்டி ஏறாமல் போகவும் வாய்ப்பு உண்டு. அது அலட்சியம் இல்லை, எடை. அதே விமானத்தில் தீவுக்கு மருந்தும் தபாலும் போகலாம். ஸ்காட்லாந்தில் கேப்டன் ஃப்ரெஸன் என்ற விமானி 1934இல் இன்வெர்னஸிலிருந்து ஆர்க்னிக்கு விமானத் தபால் தொடங்கிய காலத்திலிருந்தே தீவு விமானங்கள் பயணிகளுக்காக மட்டும் பறந்ததில்லை. அடுத்த விமானத்தில் பெட்டி வந்துவிடும், தங்கும் இடத்தின் போன் எண்ணைப் பையின் மேல் எழுதி வையுங்கள்.

வானிலையும் வெளிச்சமும்

பல தீவுகளில், விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டிக் கொண்டுவரும் தரைக் கருவிகள் கிடையாது. விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தால்தான் இறங்க முடியும். அதனால் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், தீவின் மேல் மேகம் தாழ்ந்திருந்தால் விமானம் கிளம்பாது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் இருக்கும் சில்லித் தீவுகளுக்கு மூடுபனிதான் பெரிய தொல்லை. காற்றும் அப்படியே. வேகம் மட்டும் இல்லை, ஓடுபாதைக்குக் குறுக்கே வீசுகிறதா என்பதும் முக்கியம். தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் விமான நிலையத்தைக் கட்டி முடித்த பிறகும், ஓடுபாதையின் அருகே காற்று திடீரென்று திசையும் வேகமும் மாறியதால் 2016இல் திட்டமிட்ட திறப்பு தள்ளிப்போனது. 2017 அக்டோபரில்தான் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வழக்கமான பயணிகள் விமானம் வரத் தொடங்கியது. அதுவரை கப்பல்தான், கேப் டவுனிலிருந்து ஐந்தாறு நாள்.

சரி, எந்த நேரத்து விமானத்தை எடுப்பது? பொதுவாக நாளின் முதல் விமானம். அது ரத்தானால் அன்றைக்கே இன்னொன்று இருக்கும், கடைசி விமானம் ரத்தானால் இரவு அங்கேதான். ஆனால் காலையில் பனி மூடும் பருவம் என்றால் நண்பகலை ஒட்டிய விமானமே மேல். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் எந்த மாதம் எப்படி என்று சொல்வார்கள், அதுதான் எந்த வானிலைச் செயலியையும்விட நம்பகமானது.

இருட்டையும் கணக்கில் எடுங்கள். கரீபியனில் செயின்ட் பார்த்தெலமி தீவில் ஓடுபாதை சுமார் 650 மீட்டர், பகலில் மட்டும்தான் விமானம், அதுவும் அந்த இடத்துக்கென்று தனிப் பயிற்சி எடுத்த விமானிகள் மட்டுமே இறக்கலாம். மாலத்தீவில் கடலில் இறங்கும் விமானங்களும் பகலில் மட்டும்தான். உங்கள் வெளிநாட்டு விமானம் மாலையில் இறங்கினால் அன்றைய கடல் விமானம் போயிருக்கும், தலைநகர்ப் பக்கம் ஒரு இரவு தங்க வேண்டியதுதான். அதைப் பயண நாளில் தெரிந்துகொள்வதைவிட டிக்கெட் எடுக்கும் நாளில் தெரிந்துகொள்ளுங்கள்.

விமான நிலையத்திலும் விமானத்திலும்

முந்தின நாள் மாலையே போன் செய்து நேரத்தை உறுதி செய்யுங்கள். சில தீவுகளில் விமான நிலையம் என்பது ஒரு அறை, ஒரு தராசு, ஒரு தீயணைப்பு வண்டி. பையை எடை போட்டவரே சட்டை மாற்றிக்கொண்டு அந்த வண்டியில் போய் நிற்பதும் உண்டு. சாப்பாடும் பணம் எடுக்கும் இயந்திரமும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சின்ன நிலையம்தானே என்று தாமதமாகவும் போகாதீர்கள். எல்லோரும் வந்துவிட்டால் குறித்த நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவதும், குறைந்த நேரத்தில் பலரை எடை போட வேண்டியிருப்பதால் கவுன்டரைக் கறாராக மூடுவதும் நடக்கும்.

எங்கே உட்காருவது என்பதை விமானியோ ஊழியரோ சொல்வார், விமானத்தின் முன்பாரமும் பின்பாரமும் சரியாக அமைய வேண்டும் என்பதற்காக. குடும்பமாகப் போனாலும் பிரித்து உட்கார வைக்கலாம். சில விமானங்களில் ஒருவரை விமானிக்குப் பக்கத்திலேயே உட்காரச் சொல்வார்கள். கிடைத்தால் அருமையான இடம், ஆனால் கையும் காலும் பையும் எந்தக் கருவியிலும் படக் கூடாது. தரையில் நடக்கும்போது காட்டிய வழியில் மட்டும் நடங்கள். தொப்பி பறந்தால் விட்டுவிடுங்கள், சுழலும் விசிறி இருக்கும் இடத்தில் எதன் பின்னாலும் ஓடக் கூடாது. குழந்தையின் கையை விடாதீர்கள். சத்தம் அதிகம், காதில் அடைக்க ஏதாவது கொண்டுபோங்கள். குமட்டல் வரும் உடம்பு என்றால் மாத்திரையைக் கிளம்பிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். கழிப்பறை இருக்காது, ஆனால் பயணமும் நீளாது. ஆர்க்னியில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர்தான், அட்டவணைப்படி இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், காற்று பின்னாலிருந்து தள்ளிய ஒரு நாளில் 53 விநாடியில் போயிருக்கிறது. நூறு பேர்கூட இல்லாத தீவு அது, 1967 முதல் விமானம் ஓடுகிறது.

ரத்தாகிவிட்டால்

முதலில் கவுன்டரை விட்டு நகராமல் அடுத்த விமானத்தில் பெயரைப் பதியுங்கள், கூட வந்தவர் அதே நேரத்தில் போனில் முயலட்டும். அப்புறம் படகு இருக்கிறதா என்று கேளுங்கள், இதைக் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. பாராவுக்கு ஓபன் என்ற ஸ்காட்லாந்துத் துறைமுகத்திலிருந்து கப்பல் இருக்கிறது, ஆனால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். சில்லிக்குப் பயணிகள் கப்பல் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரைதான், குளிர்காலத்தில் நின்றுவிடும். விமானத்தை நிறுத்தும் காற்று படகையும் நிறுத்தலாம், மூடுபனி என்றால் படகு பெரும்பாலும் போகும்.

பணம் பற்றி: ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, வானிலையால் ரத்தானால் நஷ்ட ஈடு கிடைக்காது, ஆனால் டிக்கெட் பணமோ மாற்று விமானமோ உங்கள் உரிமை, மாற்று விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும் தங்குமிடமும்கூட. வேறு நாடுகளில் விதி வேறு, டிக்கெட்டின் நிபந்தனைகளைப் படியுங்கள். ரத்துக்கான காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், காப்பீட்டுக்கு அது வேண்டும். காப்பீடு எடுக்கும்போது தவறிய இணைப்பு விமானத்துக்கும் பணம் தருமா என்று பாருங்கள், பல திட்டங்கள் தருவதில்லை.

அடுத்த விமானத்தில் இடம் கிடைத்து, அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் ஒருவர் வரிசையில் இருந்து, உங்கள் இருக்கையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு ஒரு நாள் தாமதம், அவருக்குத் தீவை விட்டுப் போக வேறு வழியே இல்லாமல் இருக்கலாம்.

தீவில் இறங்கியதும், வெளியே போவதற்கு முன்னாலேயே திரும்பும் விமானத்தைக் கவுன்டரில் சரிபார்த்துவிடுங்கள். நேரம் மாறினால் சொல்ல உள்ளூரில் உங்களை எப்படிப் பிடிப்பது என்று சொல்லுங்கள், தங்கும் வீட்டின் எண்ணையும் கொடுங்கள், ஏனென்றால் தீவின் எல்லா மூலையிலும் மொபைல் சிக்னல் இருக்காது.