பெரிய மீன் வேண்டுமா, முதலில் பொடி மீனைத் தேடுங்கள்

ஏரியில் தூண்டில் போடும் பலரும் நேராகப் பெரிய மீனைத்தான் தேடுகிறார்கள். அதைவிட அது தின்னும் பொடி மீன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் சுலபமான வழி. அந்தப் பொடி மீனுக்கு மாதக் கணக்கெல்லாம் கிடையாது, தண்ணீரின் சூடு, ஆக்சிஜன், தின்ன மிதவை உயிரிகள் (தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிர்கள்), இந்த மூன்றும்தான் கணக்கு. அதனால் நீண்ட ஒயரில் தொங்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

குளிர் விட்டதும் ஆழமில்லாத, காற்று படாத ஓரங்கள்தான் முதலில் சூடாகும், பொடி மீனும் அங்கேதான் வரும். ஷாட் வகை மீன்கள் (வட அமெரிக்க ஏரிகளில் வாழும், மத்தி போன்ற வெள்ளிப் பொடி மீன்கள்) தண்ணீர் ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸைத் தொடும்போது கரையோரமாக முட்டையிடும். விடியற்காலையில் கோரை ஓரத்திலோ பாறைக் கரையிலோ நின்று பார்த்தால், காற்றே இல்லாத நேரத்திலும் தண்ணீர் சலசலக்கும், வெள்ளி வெள்ளியாய் வயிறு மின்னும். வெயில் ஏறினால் ஆட்டம் முடிந்துவிடும், எனவே இருட்டோடு போய்விடுங்கள்.

கோடையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆழமான ஏரியில் மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர், நடுவே சூடு சட்டென்று இறங்கும் ஒரு அடுக்கு என்று பிரிந்துவிடும். சத்து மிகுந்த, பச்சையாகக் கலங்கிய ஏரிகளில் அந்த அடுக்குக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், மீன் அங்கே தங்காது. தெர்மாமீட்டரை மீட்டர் மீட்டராக இறக்குங்கள். ஒரு மீட்டருக்குள் ஒரு டிகிரிக்கு மேல் குறைகிற இடம்தான் அந்த அடுக்கு. சோனார் (ஒலியை அனுப்பித் தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்டும் கருவி) இருந்தால் அதன் சென்சிட்டிவிட்டியைக் கூட்டிப் பாருங்கள், மங்கலான கோடாகத் தெரியும். அடுக்கு 5 மீட்டரில் இருந்தால் 12 மீட்டரில் தூண்டிலை இறக்கிக் காத்திருப்பது வீண், அதற்கு மேலேயே போடுங்கள்.

சாயங்காலம் மிதவை உயிரிகள் மேலே ஏறும், பொடி மீனும் பின்னாலேயே வரும், இருட்டியதும் கூட்டம் கலைந்து பரவிவிடும். ஒரே திசையில் தொடர்ந்து காற்றடித்தால், காற்று போய் மோதுகிற கரையைப் பாருங்கள், இரை அங்கேதான் ஒதுங்கியிருக்கும். நீர்க்காகம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முங்குகிறதா, யோசிக்கவே வேண்டாம், படகை அங்கே விடுங்கள்.

இலையுதிர் காலத்தில் மேல் தண்ணீர் குளிர்ந்து இறங்கி அடுக்குகள் கலந்துவிடும். அப்போது மீன் எந்த ஆழத்திலும் இருக்கலாம், சில நாள் தேடத்தான் வேண்டும். அப்புறம் ஷாட் கூட்டம் ஓடை வந்து சேரும் ஏரிக் கிளைகளுக்குள் நுழையும், பெரிய மீனும் கூடவே போகும். குட்டைகளில் நீர்க்கொடிகள் அழுகி விழ, அவற்றுக்குள் ஒளிந்திருந்த மின்னோ என்ற பொடி மீன்களுக்கு மறைவிடம் போய்விடும். மிச்சமிருக்கும் பச்சைக் கொடி எங்கே இருக்கிறதோ அதன் விளிம்பில் போடுங்கள்.

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், ஆகவே கடுங்குளிரில் மேற்பரப்பைவிட அடிப்பகுதி கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், பொடி மீன் அங்கே நெருக்கமாகக் கூடி அசையாமல் நிற்கும். ஷாட்டில் ஒரு வகையான திரெட்ஃபின் ஷாட்டுக்கு 7 டிகிரிக்குக் கீழே போனாலே திணறல்தான், 5 டிகிரி வாக்கில் கொத்துக் கொத்தாகச் சாகும். பாதி உயிரோடு பக்கவாட்டில் சாய்ந்து துடிக்கிற அந்த மீனைப் பெரிய மீன் அலுங்காமல் வந்து விழுங்கும். அந்த நாட்களில் செயற்கை இரையை இழுக்கவே இழுக்காதீர்கள், மெல்ல மூழ்கவிட்டு, லேசாக ஒரு சுண்டு சுண்டி, மறுபடி அப்படியே விட்டுவிடுங்கள்.