தேனீயை அளக்கப் போய் பலகையை அளந்த கதை

திருவான்மியூரில் மொட்டைமாடி அறை. காய்ந்த தேனீயின் உடல் மின்தடையை அளக்க வேண்டும். பறந்து வரும் தேனீ பெரும்பாலும் நேர்மின்னூட்டத்தோடு வரும். அந்த மின்னூட்டம் எவ்வளவு நேரம் தங்கும் என்பதில் இந்தத் தடைக்கும் பங்கு உண்டு.

மீட்டர் காலையில் 30 மெகாஓம் காட்டும். சாயங்காலம் வெறும் 6 மெகாஓம். அதே தேனீ! பேட்டரி, புரோப் (மீட்டரின் தொடுமுனை) மாற்றினேன். மேல்தோலில் மெழுகு இருக்கிறதே என்று மார்பிலும் வயிற்றிலும் மின்சாரம் கடத்தும் சில்வர் பெயிண்ட் வைத்தேன். வேறு தேனீயும் வைத்தாயிற்று. நாலு நாள் வீண்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஜன்னல் திரை ஆட ஆரம்பித்ததும், அதாவது கடல்காற்று உள்ளே வந்ததும், எண் இறங்கும். சும்மா தேனீயை எடுத்துவிட்டுப் பார்த்தால் மீட்டர் 7 காட்டுகிறது!

அடியில் இருந்த அக்ரிலிக் பலகைதான். என் விரல் வியர்வையின் உப்பு அதில் படிந்து, ஈரக்காற்றில் மின்சாரத்தைக் கசியவிட்டிருக்கிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். அப்புறம் கையுறை இல்லாமல் தொடவில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவுக்குள் வைத்தேன். ஷூ பெட்டியில் வந்த பழைய பொட்டலங்கள் ஏற்கெனவே சென்னைக் காற்றைக் குடித்திருந்ததால், முதலில் லேசான சூட்டில் காய வைக்க வேண்டியிருந்தது.

இப்போது வெறும் பலகைக்கு மீட்டரில் எண்ணே வருவதில்லை; தடை அதன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. தேனீயோடு 34. சாயங்காலமும் 34. அப்பாடா.